பல்லைப் புடிச்சுப் பாக்காம மாடு வாங்காத தாயி

வா தாயி, இப்படித் திண்ணையில ஒக்காரு. அந்தக் காயிதக் கத்தையைக் கீழ வையி. பாத்தா, பத்திர ஆபீஸ்ல வில்லங்கம் எடுத்துட்டு வந்தவ மாதிரி இருக்க. பி.எஸ்ஸி. முடிச்சாச்சு, அடுத்து எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், அதுக்கு மேல பி.எச்டி.ங்கியாமே? ஒங்கப்பன் விடியக்காலமே வந்து மூக்கைச் சிந்திட்டுப் போறான். "பி.எட். முடிச்சாப் பள்ளிக்கூடத்துல ஒரு வேலை. பேங்க் பரீட்சை எழுதினா ஃபேனுக்கடியில ஒரு நாற்காலி. இவ என்னடான்னா ஏழெட்டு வருசத்துக்குப் படிப்புக் கணக்குப் போடுறாளேய்யா"ன்னான். நான் வெத்தலையை மென்னுக்கிட்டே தலையை ஆட்டினேன். மேலயும் கீழயும் கொஞ்சம், இடமும் வலமும் கொஞ்சம். சம்மதம்னு எடுத்துக்கிட்டானோ மறுப்புன்னு எடுத்துக்கிட்டானோ, எந்திரிச்சுப் போயிட்டான்.

எட்டாங்கிளாஸ் படிச்ச கெழவனுக்கு இதுல என்ன தெரியும்னுதானே பாக்குற? பாரு, நல்லாப் பாரு. முப்பத்தோரு வருசம் ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் லேப் அட்டெண்டரா இருந்தவன் நான். சோடியம் விளக்கைப் போட்டா ஒடனே வேலைக்கு ஆகாது. செவப்பா மினுக்கி, பெறகு மஞ்சளாகி, நின்னு எரியப் பத்து நிமிசம் புடிக்கும். அந்தப் பத்து நிமிசத்துல வாத்தியாருங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க பாரு, அதுதான் என் படிப்பு. முப்பத்தோரு வருசத்துப் பத்து நிமிசத்தையும் கூட்டிப் பாரு, ஒன் மூணு வருசத்து அட்டெண்டன்ஸுக்குக் கொறையாது. நீ எத்தனை பீரியட் கேண்டீன்ல இருந்தன்னு எனக்குத் தெரியும், ஒங்கப்பன்கிட்டச் சொல்லலை.

சரி, வெவரத்துக்கு வருவோம். எம்.எஸ்ஸி. ரெண்டு வருசம், நாலு செமஸ்டர். எந்த ஊர்ல படிச்சாலும் மூட்டைக்குள்ள இருக்குற சரக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், மேதமேட்டிக்கல் பிசிக்ஸ், எலக்ட்ரோடைனமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ், சாலிட் ஸ்டேட், நியூக்ளியர், எலக்ட்ரானிக்ஸ். குவாண்டம் மட்டும் ரெண்டு தடவை வரும், ஒரு தடவையில யாருக்கும் வெளங்காதுங்குறதால. "பிசிக்ஸ்னா உசிரு அண்ணே, கணக்குதான் வராது"ன்னு சொல்லிக்கிட்டே வருசா வருசம் நாலு புள்ளைக வந்து சேரும். ஆடு மேய்க்க ஆசை, ஆட்டு வாடைதான் ஆகாதுன்னானாம் ஒருத்தன். மொத செமஸ்டர் மேதமேட்டிக்கல் பிசிக்ஸ்லேயே அதுல ரெண்டு பேரு வேலிக்கு வெளிய நிப்பாங்க.

புஸ்தகமா? எங்க லைப்ரரியில ஜாக்சன் எழுதின எலக்ட்ரோடைனமிக்ஸ் இருந்துச்சு, 1962-ல மொதல்ல வந்தது. கோல்ட்ஸ்டைன் எழுதின மெக்கானிக்ஸ் இருந்துச்சு, அது 1950. ரெண்டும் புதுப்பொண்ணு மாதிரி அலுங்காம நலுங்காம அலமாரியில நிக்கும். பக்கத்துலேயே இருக்குற நோட்ஸ் புஸ்தகத்துக்கு அட்டையும் இருக்காது, கடைசி பத்துப் பக்கமும் இருக்காது. குவாண்டத்துக்கு நம்ம மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு மேத்யூஸும் வெங்கடேசனும் எழுதினதை வாத்தியாருங்க தொட்டுக் கும்பிடாத கொறையாப் பேசுவாங்க. எதையாச்சும் படி, எனக்கு என்ன. ஆனா ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கடைசியிலயும் கணக்கு குடுத்திருக்கானே, அதை வெடையைப் பாக்காம நீயாப் போட்டியான்னு மட்டும் கேப்பேன். நான் திருத்த மாட்டேன், ஒன் மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவேன்.

லேப் பேச்சை மட்டும் என்கிட்ட எடுக்காத. எடுத்தா நிறுத்த மாட்டேன். சிம்பிள் பெண்டுலம் இருக்கே, ஒரு நூலும் ஒரு குண்டும். அதை வச்சு g கண்டுபுடிக்கணும். குண்டு ஆடத் தொடங்குறதுக்கு முந்தியே மொத்த வகுப்புக்கும் 9.8 வந்துரும். வெடையை மொதல்ல எழுதிட்டு, அதுக்குத் தக்கன நேரத்தைப் பின்னாலருந்து கணக்குப் போட்டு அட்டவணையில எறக்குவாங்க. ஒரு வருசம் ஒரு புள்ளை அழுதுக்கிட்டே வந்தா. "அண்ணே, எல்லாருக்கும் 9.8 வருது, எனக்கு மட்டும் 10.8 வருது." எப்படிம்மா எண்ணினன்னு கேட்டேன். குண்டு கிளம்புறப்போ "ஒண்ணு"ன்னு தொடங்கி இருக்கா. சுழியத்துல தொடங்கி இருக்கணும். இருபது ஆட்டம்னு எழுதினது பத்தொம்பதுதான், அந்த ஒரு ஆட்டம் g-யைத் தூக்கி விட்டுருச்சு. எக்ஸ்டர்னல் வந்து அவளுக்கு மார்க்கைக் கொறைச்சுட்டுப் போனாரு. அந்த வகுப்புல நெசமாவே ஊசலை ஆட்டினவ அவ ஒருத்திதான்.

எம்.எஸ்ஸி. லேப்ல மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர், ஹால் எஃபெக்ட், கெய்கர் கவுண்டர்னு கொஞ்சம் வெலை கூடின சாமானா இருக்கும், பொய்யும் அதுக்குத் தக்கன வெலை கூடும். 8085-னு ஒரு மைக்ரோபிராசஸர், 1976-ல வந்தது. நான் ரிட்டயர் ஆகுறப்போ அது இன்னும் பரீட்சைக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. எனக்குக் குடுத்த மாதிரி அதுக்கும் ஒரு சால்வையைப் போத்தி அனுப்பியிருக்கலாம்.

இனி வாசல். எந்த வாசல்ல நொழையப் போற? மாநிலத்துப் பல்கலைக்கழகம், நம்ம ஊரு காலேஜுன்னா பெரும்பாலும் ஒன் டிகிரி மார்க்கைப் பாத்துச் சேத்துக்குவாங்க. ஐ.ஐ.டி.ன்னா ஜாம் எழுதணும். ஜாம்னா ரொட்டியில தடவுறதுன்னு ஒங்க அப்பத்தா நெனச்சுக்கிட்டு இருக்கா, அவளைத் திருத்தாத, சந்தோசமா இருக்கட்டும். மூணு மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க்கு. அதுல மொதப் பகுதியில தப்பா டிக் அடிச்சா, அந்தக் கேள்வி மார்க்குல மூணுல ஒரு பங்கைப் புடிச்சுக்குவான். கடைசிப் பகுதியில டிக் அடிக்கவே எடமில்லை, எண்ணைக் கணக்குப் போட்டு எழுதணும். அங்கன முழிச்சாத் துணைக்கு யாரும் வரமாட்டாங்க. பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யில எம்.எஸ்ஸி.யையும் பி.எச்டி.யையும் ஒரே மூட்டையாக் கட்டித் தருவாங்க, அதுக்கும் ஜாம் மார்க்குதான். மத்திய பல்கலைக்கழகத்துக்கு கியூட் பி.ஜி. எழுதணும். ஆராய்ச்சி நிலையத்துல பி.எச்டி.க்கு ஜெஸ்ட், கேட்னு இன்னும் ரெண்டு. சென்னை தரமணியில மேட்சயின்ஸ்னு ஒண்ணு இருக்கே, 1962-ல அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கினது, அங்கன தியரி பிசிக்ஸ் பண்ணணும்னா ஜெஸ்ட்டைச் சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துராத, ஒரு வருசம் ஒக்காந்து படி.

"இத்தனை பரீட்சையா தாத்தா"ன்னு வாயைப் பொளக்காத. சோவியத் நாட்டுல லாந்தாவ்னு ஒருத்தர் இருந்தாராம். என்கூடச் சேந்து தியரி பண்ணணும்னா இந்தப் பரீட்சைகளைத் தேறிட்டு வான்னு, கணக்குல தொடங்கி ஒண்ணொண்ணா வச்சாராம். அதுக்குப் பேரு "தியரட்டிகல் மினிமம்". மினிமமாம்! 1934-ல இருந்து 1961 வரைக்கும் தேறினவங்க மொத்தம் 43 பேரு. எங்க வாத்தியார் ஒருத்தர் சோடியம் விளக்கு சூடாகுற நேரத்துல இதைச் சொல்லிட்டு, "நம்மாளுக செமஸ்டருக்கு அஞ்சு பேப்பர் அரியர் வச்சிட்டு, சிலபஸ் பெருசுன்னு கொடி புடிக்கிறான்யா"ன்னு சிரிச்சாரு. அவரே எத்தனை அரியர் வச்சிருந்தாருங்குறது அடுத்த பத்து நிமிசத்துல வந்துச்சு. அதை விடு.

எம்.எஸ்ஸி. முடிக்கிற நேரத்துல சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதுவ. 200 மார்க்கு, மூணு பகுதி. மொதப் பகுதியைப் பாத்தா எனக்கே சிரிப்பு வரும். கடிகாரத்து முள்ளு எத்தனை மணிக்குச் சேரும், அப்பன் வயசு இம்புட்டுன்னா மகன் வயசு எம்புட்டு... நம்ம களத்து மேட்டு விடுகதையேதான், 20 கேள்வியில 15 எழுதினாப் போதும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க்கு. அடுத்ததுல 25-ல 20, மூணரை மார்க்கு. கடைசிப் பகுதியில 30 கேள்வி, 20 எழுதலாம், ஒவ்வொண்ணும் அஞ்சு மார்க்கு. அங்கனதான் ஆளு சாயுறது. தப்புக்குக் கால் பங்கு கூலியில புடிச்சுக்குவான். அதனால விடவும் தெரியணும். ஒனக்கு விடத் தெரியாது. சின்னப்புள்ளையில பல்லாங்குழி ஆடுறப்போவே, தோக்குற ஆட்டத்தைக் கட்டிக்கிட்டு அழுவ.

2024 ஜூன்ல இருந்து நெட்டுல மூணு தட்டு வச்சிருக்காங்க. மேல்தட்டுல இருந்தா ஜே.ஆர்.எஃப்., ஒதவித்தொகையோட ஆராய்ச்சி, காலேஜ் வாத்தியார் தகுதியும் உண்டு. நடுத்தட்டுல வாத்தியார் தகுதியும் பி.எச்டி. சேர்க்கையும். அடித்தட்டுன்னா பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும். கீழ ரெண்டு தட்டு ஆளுகளை எடுக்குறப்போ நெட் மார்க்குக்கு 70, நேர்காணலுக்கு 30-னு பிரிப்பாங்க, அந்த மார்க்கும் ஒரு வருசந்தான் செல்லும். மேல்தட்டுக்குப் பாடுபடு. மொத ரெண்டு வருசம் மாசம் 37,000, பெறகு 42,000, வீட்டு வாடகைக்குத் தனியா. 2023-ல உசத்தினாங்க. இதை ஒங்கப்பன் காதுல போடு, மூக்கைச் சிந்துறது பாதியாக் கொறையும். ஆனா ஒண்ணாந்தேதி கைக்கு வந்துரும்னு நம்பி ஏலச்சீட்டுல சேராத. ஆறு மாசத்துப் பணம் மொத்தமா வந்து, அதுல அஞ்சு மாசத்து மெஸ் கடனைக் கட்டின புள்ளைகளை நான் பாத்திருக்கேன்.

பி.எச்டி. விதிமுறைன்னு நீ அச்செடுத்து வச்சிருக்குற காயிதம் யு.ஜி.சி. 2022-ல போட்டது. மஞ்சக் கலர்ல கோடு போட்டிருக்க, சரிதான். எம்.எஸ்ஸி.யில 55 சதவீதம் வேணும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 கொறைச்சுக்குவாங்க. எம்.ஃபில்.ங்குறதையே எடுத்தாச்சு. அதைப் படிச்சவங்க வீட்டுக்கு முன்னால பேரோட பலகை இருக்கு, பாவம், அதைத் தொடாத. சேந்த பெறகு 12-ல இருந்து 16 கிரெடிட்டுக்குக் கோர்ஸ்வொர்க். "இன்னும் வகுப்பா"ன்னு சலிச்சுக்குவ. இன்னும் வகுப்புதான். அதுல ஆராய்ச்சியில களவு பண்ணக் கூடாதுன்னு ஒரு பாடமும் உண்டு. நாங்க பெண்டுலத்துலேயே சொல்லியிருக்க வேண்டியது. கொறைஞ்சது மூணு வருசம், கூடிப்போனா ஆறு, மறுபதிவு பண்ணினா இன்னும் ரெண்டு. பொம்பளைப் புள்ளைகளுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு வருசம் சலுகை, பேறுகால விடுப்பு 240 நாள் வரைக்கும். கல்யாணத்தைக் காட்டி ஒங்கப்பன் பயமுறுத்தினா, சண்டை போடாத, இந்தப் பக்கத்தை விரிச்சு அவன் முன்னால வையி. எழுதி முடிச்சா களவு இருக்கான்னு மெஷின்ல போட்டுப் பாப்பாங்க, பத்து சதவீதத்துக்குள்ள ஒத்துப்போனாப் பரவாயில்லைன்னு விட்டுருவாங்க. பெறகு வெளியாளு ரெண்டு பேராச்சும் படிச்சுப் பாத்து, எல்லாரும் பாக்க வைவா.

இதெல்லாம் அவங்க ஒன்னைப் பாக்குறதுக்கு. ஒன் மார்க்கு, வயசு, சான்று, பரீட்சை எல்லாத்தையும் பொரட்டிப் பொரட்டிப் பாப்பாங்க. பாக்கட்டும். நீ அவங்களை எப்பப் பாக்கப் போற? சந்தையில விக்குறவன் நம்ம மடியைப் பாப்பான், நாம மாட்டுப் பல்லைப் பாக்கணும். நீயும் ஒன் மடியையே பாத்துக்கிட்டு நின்னா, கயித்தைப் புடிச்சு வீட்டுக்கு வந்த பெறகுதான் அது கெழ மாடுன்னு தெரியும். இது அஞ்சாறு வருசத்து நொகத்தடி தாயி, பாதி உழவுல கழத்த முடியாது.

யு.ஜி.சி.யே கொஞ்சம் பல்லு பாத்து வச்சிருக்கு. ரிட்டயர் ஆக மூணு வருசத்துக்கும் கொறைவா இருக்குற வாத்தியார் புதுசா ஆளு எடுக்கக் கூடாது. புரொஃபசர் ஒரே நேரத்துல 8 பேரு, அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4, அதுக்கு மேல வச்சுக்கக் கூடாது. நீ போறவருகிட்ட ஏற்கெனவே எத்தனை பேருன்னு எண்ணிக்கோ. இம்புட்டுதான் சட்டத்துல இருக்கு. மிச்சத்தை நான் சொல்லுறேன், எழுதிக்க வேணாம், மனசுல வையி.

அவருகிட்ட முடிச்சவங்க எத்தனை, பாதியில ஓடினவங்க எத்தனைன்னு கேளு. முடிச்சவங்க பேரைத்தான் சுவத்துல மாட்டியிருப்பாங்க, ஓடினவங்களை நீதான் தேடிப் புடிக்கணும். புடிச்சு, ஒரு காப்பி வாங்கிக் குடுத்தா அரை மணி நேரத்துல மொத்தமும் கொட்டிருவாங்க. கட்டுரையில மாணவர் பேரு மொதல்ல வருதா, கடைசியில வருதா, வரவே இல்லையான்னு பாரு. லேப்புக்குள்ள போயி, பெரிய மெஷினு மேல போத்தியிருக்குற துணியைத் தொட்டுப் பாரு. துணியில தூசி மெத்து மெத்துன்னு இருந்தா, அது திறப்பு விழா அன்னைக்கு ஓடினதோட சரி. பழுதானா யாரு வந்து பாப்பா, காசு எந்தத் திட்டத்துல வருது, அந்தத் திட்டம் எப்ப முடியுது, எல்லாம் கேளு. நீ நாலாவது வருசத்துல இருக்குறப்போ பணம் நின்னு போனா, அளந்த பாதி வெளக்குமாத்துக்கட்டைக்குக்கூட ஆகாது. தியரின்னா மெஷின் தொல்லை இல்லை, ஆனா கைடு ஊர்லயே இல்லாத தொல்லை உண்டு.

எங்க காலேஜ்ல ஒருத்தர் இருந்தாரு. பேரு வேணாம். அறிவுன்னா அப்படி ஒரு அறிவு. அவருகிட்டச் சேந்த புள்ளை மொத வருசம் கேஸ் சிலிண்டர் பதிஞ்சான், ரெண்டாம் வருசம் அவரு வீட்டு வாசலுக்கு டைல்ஸ் பதிக்க ஆளு புடிச்சான். மூணாம் வருசம் என்கிட்ட வந்து, "அண்ணே, இதுக்கு எத்தனை கிரெடிட்?"னு கேட்டான். நேர்காணலுக்கு வந்த அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாசல்ல ஸ்டூல் போட்டு ஒக்காந்திருக்குற அட்டெண்டரை யாரு மதிக்கிறா? நீ மதி. எந்த ஊருக்கு நேர்காணலுக்குப் போனாலும் மொதல்ல அவருக்கு ஒரு டீ சொல்லு. வடையும் சேத்துச் சொன்னா இன்னும் வெவரம் கெடைக்கும்.

ஒடனே நீ சர். சி.வி. ராமனை இழுப்ப, தெரியும். "அவரு பி.எச்டி. படிச்சாரா தாத்தா?" படிக்கலை. 1907-ல மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல எம்.ஏ., அதோட கல்கத்தாவுக்கு அரசாங்கக் கணக்கு வேலைக்குப் போயிட்டாரு. ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அங்கன இருந்த அறிவியல் சங்கத்து லேப்ல ஆராய்ச்சி. 1917-ல புரொஃபசர், 1930-ல நோபல். அவரு காலத்துல இந்த விதிமுறைக் காயிதம் இல்லை, ஒன் காலத்துல இருக்கு, அவ்வளவுதான். நீயும் காலையும் ராத்திரியும் அப்படி ஒழைக்கிறதா இருந்தா, இந்தக் காயிதத்தை அடுப்புல போட்டுச் சுடுதண்ணி வைக்கிறேன், சொல்லு. சொல்ல மாட்டியே!

எனக்கு அந்தக் கதையில புடிச்ச ஆளு வேற. அந்தச் சங்கத்து லேப்ல ஆசுதோஷ் தேன்னு ஒரு ஒதவியாளர் இருந்தாரு. ராமனுக்கு எடுபிடியா இருந்தவரு, அவரோட சேந்து கட்டுரையில தன் பேரையும் போட்டுக்கிட்டாரு. ராமன் போட விட்டாரு. கைடுன்னா அது கைடு. 1928-ல ராமன் எஃபெக்ட் கண்டுபுடிச்சப்போ கூட இருந்த கே.எஸ். கிருஷ்ணன் யாரு? நம்ம வத்திராயிருப்புக்காரரு தாயி, மதுரை அமெரிக்கன் காலேஜ்ல படிச்சவரு. டவுன் பஸ்ல போற தூரத்துல இருந்து போனவரு. நீ என்னமோ சந்திரனுக்குப் போற மாதிரி ஒங்கப்பன் அழுவுறான்.

அமெரிக்கா, ஜெர்மனியெல்லாம் இப்பப் பேச வேணாம். அமெரிக்காவுல எம்.எஸ்ஸி. இல்லாமலே நேராப் பி.எச்டி.க்கு எடுக்குறதுண்டு, ஆனா உள்ள போன ஒண்ணு ரெண்டு வருசத்துல குவாலிஃபையிங் பரீட்சைன்னு ஒரு வேலி வச்சிருப்பான். மொதல்ல இங்கன உள்ள வேலியைத் தாண்டு.

இப்ப அந்தக் கத்தையில ஒரு காயிதம் கொறையுது, பாத்தியா? ஒன் பி.சி. சாதிச் சான்று அட்டை மாநிலத்துக்குத்தான் ஆகும். ஜாம், நெட்டு, மத்திய பல்கலைக்கழகம் எல்லாத்துக்கும் ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர்னு மத்திய அரசுப் படிவத்துல தனியா வாங்கணும். சாதி மாறாது, வருமானம் மாறும்னு சொல்லி, புதுத் தேதி போட்டதாக் கேப்பாங்க. போன வருசம் பக்கத்துத் தெருப் பையன் பரீட்சையெல்லாம் தேறிட்டு, இந்த ஒரு சீட்டு இல்லாம நின்னான். நாளைக்குத் திங்கக்கெழமை, இ-சேவை மையம் பத்து மணிக்குத் திறப்பாங்க. ரேஷன் கார்டையும் ஒங்கப்பன் வருமானச் சான்றையும் எடுத்துக்கிட்டு ஒம்போதரைக்கு வந்துரு, டி.வி.எஸ். வண்டியில நானே கூட்டிட்டுப் போறேன். பெட்ரோலுக்கு ஒங்கப்பன்கிட்ட நூறு ரூவா வாங்கிட்டு வா.